பாதிப்புலி

படையைக் கிளப்பும் ஆணைக்கு அடையாளமாக வெண்கலத்தில் வார்த்த பாதிப்புலி தன் சிற்றரசரைக் கடைசியாக உயிரோடு பார்த்தது வடக்கு வாசலில். எதிரிகளின் குதிரைகள் நெருங்கிக்கொண்டிருந்தன. அவர் அதைத் தளபதியிடம் நீட்டி, படையைக் கிளப்பும்படி கெஞ்சினார்.

"மறுபாதி சீனப் பேரரசரிடம் இருக்கிறது, அரசே. இரண்டும் பொருந்தாமல் ஒரு வீரனை நகர்த்தினாலும் என் குலத்தையே அறுத்துவிடுவார்கள்" என்றார் தளபதி.

பாதிப்புலியைத் தளபதியின் கையிலேயே விட்டுவிட்டு, கரண்டி ஏந்திய சமையல்காரர்களோடு சிற்றரசர் வெளியே போனார். ஒருவரும் திரும்பவில்லை. எதிரிகள் விளைச்சலை அள்ளிக்கொண்டு போனார்கள்.

பதினோராம் நாள், தூதரின் பட்டுப்பையில் மறுபாதி வந்து இறங்கியது.

"ஏண்டா இத்தனை நாள்?" பாதிப்புலி உறுமியது.

"கத்தாதே தம்பி. நான் அன்றைக்கே தயார். உங்கள் ஆள் ஜெயித்தால் பெரிய ஆளாகிவிடுவாரே என்று அரண்மனையில் யோசித்தார்கள்."

"இப்போது எதற்கு வந்தாய்?"

"முறை என்று ஒன்று இருக்கிறதே! வா, பொருத்திப் பார்க்கட்டும்."

"பாவி! என்னைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினாரடா அந்த மனுஷன்!"

தூதர் இரண்டையும் சேர்த்தார். மயிரிழை இடைவெளி இல்லாமல் பொருந்தின. உடனே தளபதி படையைக் கிளப்பினார்.

வாசலுக்கு வெளியே முப்பத்திரண்டு கரண்டிகள் கிடந்தன.