திறந்து பார்க்கும் முன்

காபித் தட்டோடு கூடத்துக்கு வந்தவள், பெண் பார்க்க வந்திருந்தவனின் முகத்தை முதன்முறையாகப் பார்த்தாள்.

ஐயோ. நன்றாக இருக்கிறான்.

அவன் படம் இத்தனை நாளும் அலமாரியில் கவிழ்ந்து கிடந்தது. கவிழ்த்தவள் அவள்தான்.

அவள் செய்யும் இயற்பியல் ஆராய்ச்சியில் அதுதான் முறை.

எங்கோ ஒரு விண்மீன் மண்டலத்தில் பேராற்றலோடு கிளம்பும் நியூட்ரினோ என்ற நுண்துகள், எதிலும் முட்டாமல் பூமியையே ஊடுருவிப் போய்விடும். எப்போதாவது ஒன்று தென்துருவப் பனிக்கட்டியில் மோதி மினுக்கும். அவ்வளவு பெரிய ஆற்றலிலும் இயற்பியல் விதிகள் செல்லுபடியாகுமா என்று அந்த மினுக்கலை வைத்துத்தான் பார்க்கிறார்கள்.

ஆனால், எதைத் தேடுகிறோம் என்று முதலில் முடிவு செய்துவிட வேண்டும். பிறகுதான் தரவைத் திறக்கலாம். திறந்த பின் நிபந்தனையை மாற்றக் கூடாது.

ஆசை கண்ணை மறைக்கும்.

மாப்பிள்ளைக்கும் மூன்று நிபந்தனை. அப்பாவிடம் முன்பே சொல்லிவிட்டாள். சமைக்கத் தெரிய வேண்டும். சத்தமாகச் சிரிக்கக் கூடாது. உன் ஆராய்ச்சியால் என்ன பிரயோஜனம் என்று கேட்கக் கூடாது.

அப்பா கணக்குத் தணிக்கைத் துறையிலிருந்து ஓய்வு பெற்றவர்.

“தம்பிக்குச் சமையல் வருமா?”

“வெந்நீர் வைப்பேன் சார். சில நாள் அதுவும் அடிப்பிடிச்சிடும்.”

சொல்லிவிட்டு அவனே சிரித்தான். தட்டில் டம்ளர்கள் அதிர்ந்தன.

அப்பா இரண்டு விரலை மடக்கினார்.

என்ன வேலை என்று அவன் அத்தை விசாரித்தாள். அவள் நியூட்ரினோவைப் பற்றிச் சொன்னாள்.

“இதனால என்னம்மா பிரயோஜனம்?”

அப்பாவின் மூன்றாவது விரல் பாதி மடங்கியது. கேட்டது அத்தை. விரல் நிமிர்ந்துகொண்டது.

அவன் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“இப்பவும் என் கை வழியா போகுதா?”

“கோடிக்கணக்குல. சூரியன்லேர்ந்து வர்றது.”

“வலிக்கவே இல்லையே.”

டம்ளரை மெல்ல மறு கைக்கு மாற்றிக்கொண்டான். வழி விடுகிறவன் போல.

அவள் சிரித்துவிட்டாள்.

சத்தமாக.

அவர்கள் கார் தெருமுனை திரும்பியதும் அப்பா ஆரம்பித்தார்.

“மூணுல ரெண்டு போச்சு. திறந்து பார்த்த பிறகு மாத்தக் கூடாது. நீ சொன்னதுதான்.”

“எதையும் மாத்தலைப்பா. ஒரே ஒரு தடவை பார்த்துட்டு நாங்க முடிவு சொல்ற வழக்கமில்லை. தரவு பத்தாது.”

அவர்களை மறுபடி வரச் சொல்ல அம்மா அதற்குள் போனைக் கையில் எடுத்திருந்தாள்.

மகள் அலமாரிப் பக்கம் போனாள்.

படத்தை நிமிர்த்தி வைத்தாள்.