ஒரு சொட்டு உள்ளே இறங்காது

“அம்மா, துப்புறதுக்கு ஒரு பாத்திரம் வேணும். வாய் அகலமா இருக்கட்டும்.”

மகன் விபின் கேட்டதும் தங்கபாய் பித்தளைக் கும்பாவை எடுத்து நீட்டினாள். முகம் மட்டும் தெளியவில்லை.

“ஒரு சொட்டு உள்ளே இறங்காதுன்னு வேதப்புஸ்தகத்துல கைய வச்சுச் சொல்லியிருக்க. மறந்திராதே மக்ளே.”

“இறங்காதும்மா. வாயில வச்சு ருசி பாத்துட்டு இதுல துப்பிருவோம். இது குடியில்ல கேட்டியளா, ஒரு படிப்பு மாதிரி.”

“உங்க அப்பாவும் முதல்ல ருசிதான் பாத்தாரு.”

விபின் கும்பாவை வாங்கிக்கொண்டான். அப்பாவைக் குடி கொண்டுபோன கதை அவனுக்குத் தெரியாததா? அந்த வாக்கை வாங்கிய பிறகுதான் இந்த ஒயின் விருந்தை வீட்டில் நடத்தவே அவள் சம்மதித்தாள். வாக்குத் தப்பினால் பாறசாலையில் மகள் வீட்டுக்குப் போய்விடுவேன், திரும்பி வரமாட்டேன் என்றும் சொல்லியிருந்தாள். சொன்னால் செய்கிறவள்.

மழை விட்டு, வெளிச்சம் மஞ்சளாகக் கிடந்த நேரத்தில் விருந்தாளிகள் வந்தார்கள். ஆளுக்கொரு பாட்டிலைப் பச்சைப்பிள்ளை மாதிரி அணைத்துக்கொண்டு. எல்லாம் பிரான்சு நாட்டுச் சிவப்பு ஒயின். வருஷக்கணக்காகத் திறக்காமல் வைத்திருந்தவை.

கடைசியாக வந்தவர் ஸ்ரீவராகத்தில் குடியிருக்கும் தளவாய் சார். அவர் பாட்டில் ஒரு பட்டுத்துணிக்குள் இருந்தது.

“கௌசல்யா ஆசைப்பட்டு பாரிசுல வாங்கினது. என் அறுபதாம் கல்யாணத்தன்னிக்குத் திறக்கணும்னு பட்டுச்சேலை பீரோவுல வச்சிருந்தா. இன்னிக்குத்தான் அந்த நாள். அவதான் இல்ல.”

மருமகள் ஷீஜா அடுக்களைக்கு வந்து மெதுவாகச் சொன்னாள்: “பாவம் அம்மே. காய்ச்சல் வந்து போனதிலேருந்து சாருக்கு வாசனையே தெரியாது. இருதய மாத்திரை வேற, ஒரு துளி தொடக்கூடாது. மத்தவங்க சொல்றதைக் கேட்டுட்டே இருப்பார். அதுதான் அவருக்கு ருசி.”

தங்கபாய் கதவோரம் நின்று பார்த்தாள். கண்ணாடிக் கோப்பை வழியாக விழுந்த வெயில் மேசைவிரிப்பில் சிவப்பாகத் தளும்பியது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வேதக்கோவில் ஜன்னலின் வண்ணக் கண்ணாடி வழியாக நிறம் தரையில் விழுகிற மாதிரி. எல்லோரும் கோப்பையை மூக்கருகே வைத்துக் கண்ணை மூடினார்கள். புதுமழை பட்ட மண் என்றார் ஒருவர். யாரோ ஊதி அணைத்த மெழுகுவர்த்தி என்றார் இன்னொருவர். ஜெபம் நடக்கிற வீடு போல ஓர் அமைதி. அவளுக்கும் கண் சொக்கியது.

“ப்தூ!”

கும்பாவில் விழுந்த சத்தத்தில் சொக்கல் கலைந்தது.

“இதையா இத்தனை வருஷம் காப்பாத்தினே? கும்பாவே அழுவுது பாரு!” என்றான் பினு. விபினின் சிநேகிதன். அவன் வாய்க்குத் தப்பின பாட்டில் கிடையாது. கொண்டு வந்தவரும் சேர்ந்து சிரித்தார். விபினும் ஒவ்வொன்றையும் ருசி பார்த்து ஒழுங்காகத் துப்பினான். தங்கபாய் மனதுக்குள் ஸ்தோத்திரம் சொன்னாள்.

பிறகு தளவாய் சார் தன் பாட்டிலைத் திறந்தார். எல்லோருக்கும் தானே ஊற்றினார். கைகளை மடியில் வைத்துக் கண்ணை மூடினார்.

“சொல்லுங்க.”

பினு ஒரு வாய் எடுத்தான். அவன் கண்ணில் நீர் கோத்தது. பினு காலால் கும்பாவை மேசைக்கடியில் தள்ளிவிட்டான். விழுங்கினான்.

“சாரே... பட்டுச்சேலை மடிப்பைப் பிரிச்ச மாதிரி இருக்கு.”

“உள்ளுக்குள்ள வாடின மல்லிகை,” என்றான் விபின், ஒரே மூச்சில் குடித்து முடித்து. “இன்னும் கொஞ்சம் ஊத்துங்க சார்.”

எல்லார் கோப்பையும் காலியானது. ஒருவரும் துப்பவில்லை.

“அவ எதை எடுத்தாலும் நல்லதாத்தான் எடுப்பா,” என்றார் தளவாய் சார். மூடிய கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது.

தங்கபாய் கதவோரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டு வாங்கிக் குடிக்கிறானே! கோப்பையை நீட்டின அந்தக் கை அப்படியே அவன் அப்பாவின் கை. அறைக்குப் போய்ச் சேலைகளைப் பையில் மடித்து வைத்தாள். முழங்காலில் நின்றாள். ஜெபம் வரவில்லை.

விருந்தாளிகள் கிளம்பியதும் விபின் அடுக்களை வாசலில் வந்து நின்றான்.

“அம்மா... வாக்குத் தப்பிட்டேன்.”

“பாத்தேன். பை கட்டியாச்சு. என்னைப் பாறசாலை பஸ் ஏத்தி விடு.”

அவன் முகத்தைப் பார்க்காமலே அவன் கோப்பையைக் கழுவ எடுத்தாள். சுரீரென்று ஏதோ மூக்கில் ஏறியது. சந்தேகத்தோடு, அடியில் கிடந்ததைச் சுண்டுவிரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். முகம் முழுக்கச் சுருங்கிப்போனது. திராட்சரசமா இது? பெரிய வெள்ளிக்கிழமை வாசிப்பில், சிலுவையில் தொங்கினவருக்குக் கடற்பஞ்சில் தோய்த்துக் கொடுத்தார்களே, அதுதான் ஞாபகம் வந்தது.

“மக்ளே, இது காடியில்லா!”

“பீரோ சூட்டுல புளிச்சுக் கெட்டுப்போச்சும்மா. சாருக்குத் தெரியாது.”

“இதையா ரெண்டாவது தரம் கேட்டு வாங்கினே?”

விபின் நெஞ்சைத் தடவிக்கொண்டான்.

தங்கபாய் தயிர்ப் பானையைத் திறந்தாள்.

“மோர் கலக்குறேன். பினு தெருமுக்கு தாண்டுறதுக்குள்ள அவனையும் கூப்பிடு, பாவம், அவனுக்கும் நெஞ்சு எரியும்லா?”