பேராசிரியர் ஒப்பமிட்ட வரைபடம்

கேஷானி திருகாணியை மயிரிழை அளவு திருப்பினாள். மீட்டரில் இலக்கம் நான்கிலேயே நின்றது.

நூறில் நான்கு. மிச்சத் தொண்ணூற்றாறு பங்கு வெளிச்சமும் கண்ணாடி இழையின் நுனிக்கும் ஒளிச் சிப்பின் விளிம்புக்கும் நடுவே எங்கேயோ சிந்திப் போய்க்கொண்டிருந்தது.

அவளுக்குப் பின்னால் பேராசிரியர் இரகுநாதன் வரவேற்புரையின் ஒன்பதாம் பக்கத்தில் இருந்தார்.

பதுளை ஒளியியல் ஆய்வுகூடத்தின் பெயர்ப்பலகை பதினான்கு அடி. ஆய்வுகூடம் பன்னிரண்டு அடி. அதற்குள் மாலை போட்ட பிரதம விருந்தினர், மாலை கிடைக்காத நான்கு பேர், ஒரு புகைப்படக்காரர், ஒலிவாங்கி, ஏற்றி முடித்த குத்துவிளக்கு. விளக்குப் புகை லென்ஸில் படியாமல் கேஷானி ஓர் அட்டையைச் சாத்தி வைத்திருந்தாள்.

வெள்ளிக்கிழமையோடு அவளுடைய தற்காலிக நியமனம் முடிகிறது. இன்று ஐம்பதைத் தாண்டினால் நிரந்தரம். தாண்டாவிட்டால் திங்கள் முதல் ஹாலிஎலயில் டியூஷன்.

விசயம் இவ்வளவுதான். இழைக்குள் வரும் வெளிச்சம் பருமன். சிப்பில் அதை வாங்கிக் கடத்த வேண்டிய ஒளிக்கம்பி அதில் இருபதில் ஒரு பங்கு. தோட்டத்து லயத்துப் பீலியில் கொட்டும் தண்ணீரை ஊசிக் காதுக்குள் பிடிக்கிற வேலை.

"அப்ப புனல் வையும், பிள்ளை," என்று பேராசிரியர் போன வருசமே தீர்ப்புச் சொல்லிவிட்டார். "வாய் அகலம், வால் ஒடுக்கம். மண்ணெண்ணெய்க் கடைக்காரனுக்கே தெரிஞ்ச சங்கதி."

கேஷானியின் கணக்கு நேர்மாறாக வந்தது. இழைப் பக்கம் வர வரக் கம்பி மெலிய வேண்டும். இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும் அளவுக்கு மெலிந்ததும், வெளிச்சம் அதற்குள் அடங்கமாட்டாமல் வெளியே உப்பி நிற்கும். இழையில் வருகிற வெளிச்சமும் அதே பருமன். பிறகென்ன, ஒன்றோடொன்று கலந்து உள்ளே போய்விடும்.

மூன்று தரம் வரைபடத்தை நீட்டினாள். மூன்று தரமும் பேராசிரியர் சிவப்புப் பேனையால் வாயை அகலமாக்கித் திருப்பிக் கொடுத்தார்.

புனலைப் பற்றி அவர் கொழும்பில் நான்கு மேடைகளில் பேசியிருந்தார். மேடையில் சொன்னதை மேசையில் மாற்றுகிற வழக்கம் அவருடைய பரம்பரையிலேயே கிடையாது.

நாலாம் தரம் கேஷானி வேறு வழி பிடித்தாள். அதே படத்தின் புதுப் பிரதியை, ஒரு கோடுகூட மாற்றாமல், தலைகீழாகத் திருப்பி அவர் முன்னால் வைத்தாள். இழை வரவேண்டிய இடப்பக்கத்தில் இப்போது அகன்ற வாய். கவிழ்ந்து கிடந்த எழுத்துகளைப் பெருவிரலால் மறைத்துக்கொண்டாள். பாதிதான் மறைந்தது.

பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"இப்பதான் சரி," என்று ஒப்பமிட்டார்.

தாள் கடல் கடந்து போய், அங்கே எழுத்துப்படி நேராக வைத்துப் படிக்கப்பட்டு, எட்டு மாதத்தில் சிப்பாகத் திரும்பி வந்தது. பாதி நகத்தளவு. அதன் விளிம்பில் இருந்தது கேஷானியின் மெலிந்த முனை. வெறுங்கண்ணுக்குத் தெரியாத சாமான் என்பதால் யாரும் கேட்கவில்லை.

இன்று அது கைவிட்டால் வேலையும் போகும், பேராசிரியரை ஏமாற்றிய கதையும் வெளியே வரும்.

மீட்டர் பன்னிரண்டைக் காட்டியது. யாரோ கைதட்டினார். உடனே எல்லோரும் தட்டினார்கள். மேசை அதிர்ந்து இலக்கம் இரண்டுக்கு விழுந்தது.

"எங்கங்க வெளிச்சம்? ஒன்னும் காணலையே," என்று பிரதம விருந்தினர் எட்டிப் பார்த்தார்.

"அது கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம், ஐயா," என்றார் பேராசிரியர்.

"அப்ப இத்தன பேரு எதுக்குங்க வந்தோம்?"

"கைதட்டத்தாங்க," என்றாள் கேஷானி, திரும்பிப் பாராமல். "ஆனா இப்ப வேணாங்க. கொஞ்சம் மூச்சக்கூட மெதுவா விடுங்க."

மாலை அடங்கியது. மாலை கிடைக்காதவர்களும் அடங்கினார்கள். பத்தாம் பக்கத்தோடு பேராசிரியரும் அடங்கினார். ஆறு பக்கம் மிச்சம் இருந்தது.

கேஷானி மூச்சைப் பிடித்துக்கொண்டு திருகாணியைத் தொட்டாள்.

பத்தொன்பது. முப்பத்து நான்கு.

கை கொஞ்சம் கூடிப் போயிற்று. இருபது. மெல்லத் திருப்பி எடுத்தாள்.

நாற்பத்தெட்டு. ஐம்பத்தொன்று. அறுபத்தாறு.

எழுபத்து மூன்று. அங்கேயே நின்றது.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், அது கேட்கவில்லை. "ஏறிருச்சு! ஏறிருச்சுங்க சேர்!"

இனித் தட்டலாமா என்று பிரதம விருந்தினர் கண்ணால் கேட்டார். தட்டுங்கள் என்று அவளும் தலையாட்டினாள். கூரைத் தகரம் அதிரத் தட்டினார்கள். இலக்கம் தடுமாறி விழுந்தது. விழட்டும், எல்லோரும் பார்த்தாயிற்று.

பேராசிரியர் ஒலிவாங்கியைப் பற்றினார். "எனது புனல் கோட்பாடு இன்று உலகுக்கு நிரூபிக்கப்பட்டுள்ளது!"

பிரதம விருந்தினர் அவருக்குப் பொன்னாடை போர்த்தினார். மறுபடி கைதட்டல். கேஷானியும் தட்டினாள். அந்தச் சந்தோசத்தில் அவள் குத்துவிளக்குக்கே தட்டியிருப்பாள்.

பிறகு புகைப்படம். பேராசிரியர் பொன்னாடையைச் சரிசெய்துகொண்டு அவள் பக்கத்தில் வந்து நின்றார். புகைப்படக்காரரைப் பார்த்துச் சிரித்தபடியே, உதடு அசையாமல் சொன்னார்:

"அடுத்த வரைபடத்தையும் தலைகீழாவே கொண்டு வாரும், பிள்ளை. நேராக் கொண்டு வந்தால் நான் திருத்திப் போடுவன்."