மலிவுத் திட்டம்

சேடி ரிமோட்டைத் துப்பாக்கி மாதிரி டி.வி.க்கு நேராக நீட்டிக்கொண்டு நின்றாள்.

"சொல்லுடி. அழுத்தவா, வேண்டாமா?"

எஃபி கோப்பைகளில் தேநீரை ஊற்றினாள். "இரு, முதல்ல ஒரு வாய் டீயைக் குடி."

தேநீரைக் காட்டியெல்லாம் சேடியை நிறுத்திவிட முடியாது. பக்கத்து வீட்டுக்காரி, பள்ளிக்கூடத் தோழி, எச்சில் கையால் காக்கை ஓட்டாதவள். கனடாவின் கிழக்குக் கரையில், இந்தக் கிளேஸ் பே ஊரில் கடல்காற்று இப்படி வீணாக அடிக்கிறதே, பிடித்து வைக்க ஒரு வழியில்லையே என்று வருத்தப்படுகிற ரகம்.

கேபிளை நிறுத்திவிட்டுக் கூரையில் ஆன்டெனா நட்டதில் அவளுக்கு மாதம் அறுபது டாலர் மிச்சம். அணைத்து வைத்தாலும் டி.வி. கரண்ட் தின்னும் என்று எங்கோ படித்துவிட்டு, போன வாரம் இங்கே எஃபி வீட்டுக்கும் வந்து பிளக்கைப் பிடுங்கிப் போட்டாள்.

அன்றிலிருந்து எஃபிக்குச் சாயங்காலமெல்லாம் சேடி வீட்டில்தான். ஓசியில் படம், சீட்டாட்டம், தொட்டுக்கொள்ள ஓட்ஸ் ரொட்டி. நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. புருஷன் போன பிறகு அவள் இவ்வளவு சிரித்ததில்லை.

இன்றைக்குச் சேடி பிளக்கைத் திரும்பச் செருகியது, மிச்ச வேலையையும் முடிக்கத்தான். இணையத்தில் படம் காட்டுகிற கம்பெனிக்கு எஃபி மாதாமாதம் கட்டுவது இரண்டு பேருக்கான கட்டணம். ஒருவருக்கு மட்டும் என்று மாற்றினால் பாதிக்குப் பாதி குறையும். மற்றவர் முகம் திரையிலிருந்து போய்விடும்.

'யார் பார்க்கிறீர்கள்?' என்று கேட்டுவிட்டுத் திரை காத்திருந்தது. கீழே இரண்டு பொம்மை முகங்கள். சிரிக்கிற பூனை எஃபி. முறைக்கிற கரடி ரோரி, அவளுடைய ஒரே மகன். கரடியைப் பதினைந்து வயதில் அவனே தேர்ந்தெடுத்தான்.

"எண்ணெய் வயல்ல கை நெறையச் சம்பாதிக்கிறான் தடிமாடு. அவன் பாக்குற படத்துக்கு நீ ஏண்டி காசு கட்டணும்?"

நியாயமான கேள்விதான். ரோரி ஆல்பர்ட்டாவுக்குப் போய் மூன்று குளிர்காலம் ஆகிறது. நாட்டின் அந்தக் கோடி. நல்ல பிள்ளை, ஆனால் வாயில் கொழுக்கட்டை. கிறிஸ்துமஸுக்கு ஒரு போன் செய்வான். அதிலும் பாதி நேரம் இரண்டு பேரும் பனியைப் பற்றியே பேசிவிட்டு வைத்துவிடுவார்கள்.

கரடியை அழுத்தினால்தான் எஃபிக்குப் பிள்ளையின் சேதி. அவன் பார்த்துப் பாதியில் விட்டதெல்லாம் வரிசையாக நிற்கும். பத்து நிமிஷத்தில் நின்றிருந்தால், பாவம், அசந்து தூங்கிவிட்டான். நாலு பகுதி ஒரே மூச்சில் ஓடியிருந்தால் அன்று அவனுக்கு விடுப்பு. ஒரு தடவை வரிசை பூராவும் காதல் படமாக இருந்தது. அந்த மாதம் முழுக்க எஃபி தனியாகச் சிரித்துக்கொண்டு திரிந்தாள்.

இந்த ஒரு வாரம் பார்க்காமல் இருந்ததே, அடுப்பை அணைக்காமல் வந்துவிட்டது மாதிரி உறுத்திக்கொண்டிருந்தது. கரடியே போய்விட்டால் என்ன செய்வாள்?

இதைச் சேடியிடம் எப்படிச் சொல்வது? பெற்ற பிள்ளையையே வேவு பார்க்கிறாயா என்று ஊர் பூராவும் சொல்லிச் சிரிப்பாள்.

"வேணும்னா அவனே கட்டிப் பாத்துக்குவான். சிறுதுளி பெருவெள்ளம்டி" என்றாள் சேடி. விரல் பொத்தானுக்குப் போய்விட்டது.

எஃபிக்கு மனசு கேட்கவில்லை. ஆனால் வேண்டாம் என்று சொல்லவும் ஒரு காரணம் அகப்படவில்லை. சரி, போகட்டும் என்று சொல்ல வாயெடுத்தபோது போன் அடித்தது.

ரோரி.

கிறிஸ்துமஸுக்கு இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் கிடந்தது. அங்கே இது வேலை நேரம் வேறு. எஃபி நாற்காலியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு போனைக் காதில் வைத்தாள்.

எந்திர இரைச்சலுக்கு நடுவில் அவன் குரல். ஓடி வந்தவன் போல மூச்சு வாங்கியது.

"அம்மா, நான் தெனம் உன் பூனையை அழுத்திப் பாக்குறேன். ஒரு வாரமா நீ பாக்குற சமையல் போட்டி ஒரே எடத்துல நிக்குது. நீ நல்லாத்தானே இருக்க?"