ஆட்டுக்கு வந்த பலம்

கேம் கம்பெனியில் பாத்திரங்களின் பலத்தை அட்டவணையில் நிரப்புவது அவள் வேலை. இரண்டு வரிசைகள் இடம் மாறி, அரக்கனின் பலம் ஆட்டுக்குப் போய்விட்டது. கேம் வெளியான மறுநாள்தான் கவனித்தாள். விளையாடுகிறவர்கள் எல்லாரும் ஆடு முட்டியே செத்துக்கொண்டிருந்தார்கள்.

இதைவிடச் சின்னத் தப்புக்கே ஒருவரை வீட்டுக்கு அனுப்பிய இடம் அது. யாருக்கும் தெரியாமல் சரிசெய்தாள்.

மதியம் முதலாளி கூப்பிட்டார்.

"ஆட்டோட பலத்துல கை வச்சது யாரு?"

"நான்தான் சார். என் கவனக்குறைவுதான். ஆனா காலையிலேயே சரி பண்ணிட்டேன்."

முதலாளி நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"வருஷக்கணக்கா அந்த அரக்கனைச் செதுக்கினோம், ஒருத்தரும் சீந்தலை. நேத்து ஒரே நாள்ல ஊரே ஆட்டைத் தேடி வந்துச்சு. உன்னை யாரும்மா சரி பண்ணச் சொன்னது?"