எலுமிச்சை மரத்தின் விடுதலை

உலகத்திலேயே கழிவுநீர்க் குழாய்க்கு நாடி பார்த்து நோய் சொல்லத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். இதோ, வீட்டுக்கும் செப்டிக் டேங்குக்கும் நடுவிலுள்ள தொட்டியின் மூடியைத் திறந்துவைத்துக் குந்தியிருக்கிறேன். விளிம்புவரை நிற்கும் கறுப்புத் தண்ணீரில் காலை வெயில் நெளிகிறது. டேங்க் பக்கம் போகும் குழாய்க்குள் கொக்கி கட்டிய மூங்கில் பிளாச்சை விட்டு, அதன்மேல் இரண்டு விரல் வைக்கிறேன். குழாய் போகும் வழியில் என் மனைவி தன் எலுமிச்சை மரத்தைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். எதிரே கடப்பாரையோடு அவள் தம்பி. “வேர்தான் அடைச்சிருக்கு அத்தான். மரத்தைத் தோண்டி எடுத்தாத்தான் தண்ணி போகும்.” “நாடி மெத்துமெத்துன்னு அடிக்குது மச்சான். இது வேர் இல்ல, துணி.” “ரிட்டயர் ஆனதுலேர்ந்து உங்களுக்கு வாய் மட்டும்தான் வேலை செய்யுது” என்று கடப்பாரையை ஓங்குகிறான். நான் பிளாச்சைத் திருகி இழுக்கிறேன். ஏழு கடலும் ஒரே மூச்சில் இறங்குவதுபோலத் தண்ணீர் கடகடவென்று டேங்குக்குள் பாய்கிறது. மரத்தில் ஒரு இலைகூட அசையவில்லை. மனைவிதான் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறாள். கொக்கியில், ஒரு வாரமாக வீடெல்லாம் தேடிய மச்சானின் கோடு போட்ட பனியன் சொட்டிக்கொண்டு தொங்குகிறது. கடப்பாரை மெல்லத் தரையில் சாய்கிறது. “துவைச்ச வாளித் தண்ணியோட சேத்து கக்கூஸ்ல ஊத்திட்டேன் போல” என்கிறான். மரத்தைப் பார்த்தபடியே, “துணிதான் அத்தான்” என்கிறான்.