நாக்கைக் கிள்ளிய பானகம்

"இதுல என்னமோ ஒண்ணு சேர்த்திருக்காங்க மாமா. என்னன்னுதான் பிடிபடலை."

பானக டம்ளரை மூக்கருகே பிடித்தபடி பிரேம் இப்படிச் சொன்னதும் மாமனார் கருப்பண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோயில் பானகத்தை மோந்து மோந்து குடிக்கிற ஆளை அவர் இன்றைக்குத்தான் பார்க்கிறார்.

"பெருசா என்னத்தைச் சேர்த்துப்போட்டாங்க மாப்பிள்ளை? வெல்லம், புளி, சுக்கு, ஏலக்காய். அவ்வளவுதானுங்க."

"புளியா?" என்று சட்டெனத் திரும்பினாள் பக்கத்து வீட்டு அத்தாயி. "பானகத்துல எலுமிச்சம்பழந்தான் புழியோணுங்கண்ணா. புளி ரசத்துக்கு."

போதாதா? கோயில் வாசலே புளிக் கட்சி, எலுமிச்சைக் கட்சி என்று இரண்டாகப் பிரிந்தது. எலுமிச்சை போட்டால் அது வெறும் சர்பத்து என்றது ஒரு கட்சி. புளி போட்டால் குழந்தைகளுக்குப் பல் கூசும் என்றது இன்னொன்று. நடுவில் ஒருவர், மிளகு தட்டிப்போடாத பானகத்தைச் சாமியே திரும்பிப் பார்க்காது என்று மூன்றாவது கட்சியைத் தொடங்கினார்.

மற்றவர்களுக்கு இது பொழுதுபோக்கு. பிரேமுக்குப் பிழைப்பு. சேலத்தில் ஒரு பெரிய ஓட்டலில் ஜூஸும் மாக்டெயிலும் கலக்குவதுதான் அவன் வேலை. அவன் ராப்பகலாக மெனக்கெட்டு உருவாக்கிய புதுப் பானத்தை முந்தாநாள் முதலாளி ஒரே வாய் குடித்துவிட்டு, உப்புச் சப்பில்லை என்று கீழே வைத்துவிட்டார். திங்கட்கிழமைக்குள் உருப்படியாக ஒன்று வராவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள் வருவான் என்றும் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து பிரேமுக்குச் சோறு இறங்கவில்லை. கல்யாணமானபின் வரும் முதல் திருவிழா, மாமனார் ஊருக்குப் போகாமல் இருக்க முடியாது என்பதால்தான் மனைவி தேன்மொழியைக் கூட்டிக்கொண்டு காரில் மலையேறி வந்தான்.

வந்த இடத்தில் இந்த ஒரு டம்ளர் அவனை ஆட்டி வைத்தது. குடித்து முடித்த பிறகு நாக்கு நுனியில் சுருக்கென்று ஒரு கிள்ளு. புளி இப்படிக் கிள்ளாது, எலுமிச்சையும் கிள்ளாது. இது என்னவென்று மட்டும் தெரிந்துவிட்டால் முதலாளியின் வாயை அடைத்துவிடலாம்.

"இதைக் கலக்குனது யாருங்க மாமா?"

"யாருன்னு சொல்றது? ஊரே கலக்குனதுங்க."

கருப்பண்ணன் விளக்கினார். இந்த ஊரில் பானகத்தை ஒரே இடத்தில் கலக்கும் வழக்கமில்லை. வீட்டுக்கு வீடு அவரவர் பக்குவப்படி கரைத்து, கோயில் அண்டாவில் கொண்டுவந்து ஊற்றுவார்கள். சாமிக்குப் படைக்கிற வரைக்கும் யாரும் ஒரு சொட்டு வாயில் வைக்கக் கூடாது. ஒரு வீட்டுப் பங்கு விட்டுப்போனாலும் சாமி கோவித்துக்கொள்ளும்.

அப்படியென்றால் ஏதோ ஒரு வீட்டில்தான் அந்த ரகசியம் இருக்கிறது. பிரேம் காலி டம்ளரோடு கிளம்பிவிட்டான். படையல்தான் முடிந்துவிட்டதே, இனிக் கேட்பதில் தப்பில்லை. ஒவ்வொரு வீட்டிலும் பாத்திரத்தின் அடியில் தங்கியதைக் கேட்டு வாங்கிக் குடித்தான். ஒரு வீட்டில் சுக்கு காதுவரை காந்தியது. ஒரு வீட்டில் மலைத்தேன் மணத்தது. இன்னொரு வீட்டில் வாழைப்பழத்தைப் பிசைந்து விட்டிருந்தார்கள். எலுமிச்சைதான் உசத்தி என்று அவன் வாயால் சொன்ன பிறகுதான் அத்தாயி அவனை வெளியே விட்டாள்.

எல்லாமே நன்றாகத்தான் இருந்தன. அந்தக் கிள்ளு மட்டும் எதிலும் இல்லை. கருப்பண்ணன் மருமகனுக்கு என்ன ஆயிற்று, இந்தக் குடி குடிக்கிறாரே என்று ஊர் சிரிக்க ஆரம்பித்துவிட்டது.

வயிறு முட்ட, மனம் சோர்ந்து கோயிலுக்குத் திரும்பினான். அங்கே தேன்மொழி பெண்களோடு உட்கார்ந்து டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். எதற்கெடுத்தாலும் அவனைக் கிண்டல் செய்கிறவள் இன்று வாயே திறக்கவில்லை. அவன் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டாள்.

பிரேம் வெட்கத்தை விட்டுவிட்டு எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னான்.

"இதைச் செஞ்சவங்க யாரா இருந்தாலும் சொல்லிருங்க. அந்தக் கைக்கு முன்னால நானெல்லாம் டம்ளர் கழுவத்தான் லாயக்கு. இத்தனை வருசம் நான் கலக்குனதெல்லாம் வீண்."

அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது எல்லோருக்கும் புரிந்தது. தேன்மொழி ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எழுந்து வந்து, அவனை ஓரமாக இழுத்துப் போனாள்.

"ஏனுங்க, கோவிச்சுக்காதீங்க. கல்யாணம் ஆயிட்டா நம்மளும் தனி ஊடாமா. உங்க ஊட்டுப் பங்கு எங்கே கண்ணுன்னு அத்தாயி அத்தை அண்டாகிட்ட நின்னு கேட்டாங்க. எனக்கு இந்த வழக்கமே மறந்துபோச்சு. வெறுங்கையோட நிக்க முடியுங்களா?"

"அதுக்கு?"

"முதலாளி வேண்டாம்னு சொன்ன உங்க அன்னாசிப்பழ ஜூஸ் கார் டிக்கியிலயே வெயில்ல கெடந்துச்சில்லீங்க, அதைத்தான் முழுசா ஊத்திப்போட்டேன். மூடியைத் திறந்ததுமே புஸ்ஸுன்னு நுரைச்சுட்டு வந்துச்சுங்க."